சுவருக்குப் பின்னால்

குன்னூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஆர்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவரோ இருவரோ பயிற்சிக்கு வருவார்கள். ஐந்து வருடப் படிப்பு, பத்து செமஸ்டர். அதில் ஒன்றை இப்படி வெளியே வேலை பார்த்து முடிக்க வேண்டும். கடைசியாக வந்த பையன் சமவெளிக்காரன், கெட்டிக்காரன். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் 12 சென்ட் மனை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவிக்கு ஒரு வீடு. அந்த வேலையை அவனிடம் கொடுத்தேன். மூன்றாம் நாளே பிளானும் முகப்புப் படமும் மேசைக்கு வந்துவிட்டன. படத்தில் மூடுபனிகூட இருந்தது.

"செக்‌ஷன் எங்கப்பா?" என்றேன்.

"பிளான் ஓகே ஆனதும் போட்டுடறேன் மேடம்."

வீட்டையும் நிலத்தையும் மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் தெரிவதுபோல் வரையும் படம்தான் செக்‌ஷன். இப்போதே போடு என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போட்டு முடித்ததும் அவனுக்கே புரிந்தது. பின்பக்கம் நாலு மீட்டர் ஆழத்துக்கு மலையை வெட்டினால்தான் அந்தப் பிளான் அங்கே உட்காரும். வெட்டிய இடத்தில் நாலு மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். அதற்கு மேலே இன்னொருவரின் தோட்டம்.

அவனைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. முதல் வருடத்திலிருந்து வெள்ளைத் தாளில் பிளான் போட்டுத் தொடங்கித்தான் பழக்கியிருக்கிறார்கள். வெள்ளைத் தாள் தட்டையானது. இங்கே ஒரே மனையின் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் இரண்டு மாடி உயர வித்தியாசம் இருக்கும். மலையில் செக்‌ஷன்தான் வீடு. பிளான் அதற்கு அப்புறம் வருவது.

இதை நானும் கல்லூரியில் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்தில் ஒரு கருங்கல் தடுப்புச் சுவருக்கு வரைபடம் கொடுத்தேன். தண்ணீர் வடியச் சுவரில் துளைகள், வீப் ஹோல் என்பார்கள், காட்டியிருந்தேன். ஆனால் சுவருக்குப் பின்னால் எதை நிரப்ப வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வெட்டியெடுத்த செம்மண்ணையே திருப்பிக் கொட்டினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2009 நவம்பர் மழை வந்தது. கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டிய அந்த மழையில் நீலகிரியில் பல உயிர்கள் போயின. என் சுவரின் துளைகளைக் களிமண் அடைத்துக்கொண்டது. சுவர் முன்னால் சாய்ந்து, நடுவில் வாய் பிளந்து, சேறு அவர்கள் சமையலறைக்குள் இறங்கியது. யாரும் அப்போது உள்ளே இல்லை. மறுநாள் போனபோது அந்த வீட்டம்மா முழங்கால் சேற்றில் நின்று பாத்திரங்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா, பார்த்து வா, வழுக்கும்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 மீட்டர் உயரச் சுவர். பின்னால் இருக்கும் மண் வறண்டிருந்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய இரண்டே முக்கால் டன் தள்ளும். அதே மண் மேல்வரை தண்ணீரில் ஊறிவிட்டால் ஆறு டன். அந்த ஆறில் நாலரை டன் தண்ணீரின் தள்ளல் மட்டும். பின்னால் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்பி, துளை வழியாகத் தண்ணீரை வெளியே விட்டிருந்தால் அந்த நாலரை டன் வந்தே இருக்காது. இந்தக் கணக்கு எனக்குப் பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு வீட்டின் சமையலறையைப் பற்றிய கணக்கு என்று அப்போது தெரியவில்லை.

பையனை மறுநாள் மனைக்குக் கூட்டிப்போனேன். எங்களோடு இருபது வருடமாக வேலை செய்யும் மேஸ்திரி வந்திருந்தார். மட்டம் பார்க்க முப்பதடி பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை அவன் கையில் கொடுத்து மேல் மூலையில் நிறுத்தினார். அவன் அவசரமாகக் குச்சியில் கோடு போடப் போனான். "இரு தம்பி. நடுவுல குமிழி நிக்குது பாரு. அது இருந்தா மட்டம் தப்பாக் காட்டும்." குழாயை விரலால் சுண்டிச் சுண்டி அந்தக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றினார். அதன் பிறகுதான் கோடு. அப்படியே முளை முளையாக இறங்கி வந்ததில் மத்தியானத்துக்குள் மனையின் காண்டூர், அதாவது மேடு பள்ளக் கோடுகள், முழுவதும் அவன் நோட்டில் இருந்தது. லேப்டாப்பில் இருந்த சர்வே படத்துக்கும் இதற்கும் ஓரிடத்தில் அரை மீட்டர் வித்தியாசம்.

தோட்டத்தின் நடுவே ஆறடி அகலத்துக்குச் செடியே இல்லாத ஒரு பட்டை மேலிருந்து கீழே ஓடியது. பெரணிதான் முளைத்திருந்தது. ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் அடியில் அரிவாள் மாதிரி வளைந்து, பிறகு நிமிர்ந்திருந்தன.

"இங்க மட்டும் ஏன் தேயிலை வைக்காம விட்டிருக்காங்கன்னு யோசிச்சியா தம்பி?"

"பாதைன்னு நினைச்சேன் அண்ணா."

"தண்ணிக்குப் பாதை. ஐப்பசியில வந்து பாரு, ஓடையா ஓடும்."

அவன் பிளானில் படுக்கையறை சரியாக அந்தப் பட்டைமேல் இருந்தது. மரம் வளைந்ததற்குக் காரணத்தையும் சொன்னேன். மேல்மண் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்கிறது. மரம் சாய்வதும் வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்வதுமாக வளர்கிறது. அவன் ரொம்ப நேரம் அந்த மரத்தடியிலேயே நின்றான்.

சாலையிலிருந்து மனைக்கு வண்டி வராது. ஒரு யூனிட் மணல் நூறு கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. தலைக்கு 25 கிலோ என்றால் 180 நடை. அந்த நடையை நடக்கப்போவது பெரும்பாலும் பெண்கள். இந்தக் கணக்கை அவனையே போடச் சொன்னேன். சுவரின் உயரத்தைக் குறைக்க நான் சொல்லிக் கேட்டிருப்பானோ தெரியாது. அந்த 180 கேட்க வைத்தது.

மொழி இன்னொரு விஷயம், எனக்கு மனத்தாங்கலே உண்டு. பாடம் முழுவதும் ஆங்கிலம். மேஸ்திரி தினமும் கையாளும் கருவிகள்தான்: மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்றால் அவனுக்குத் தெரியவில்லை, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக் குண்டு தெரியவில்லை, கலவை பூசும் கரணை தெரியவில்லை. தமிழ் வீட்டுப் பையன்தான். வரைந்ததைக் கட்டப்போகிறவரோடு பேச வார்த்தை இல்லாமல் ஒருவனை ஐந்து வருடம் படிக்க வைத்து அனுப்புவது எப்படிச் சரியாகும்? சிக்கன வீடுகளுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் எலிப்பொறிக் கட்டும் (நடுவே வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் முறை) ஜாலிச் சுவரும் (காற்றுக்குத் துளைவிட்ட செங்கல் சுவர்) எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம். அவர் இமயமலையில் இருக்கும் பித்தோராகரில் பல வருடம் வாழ்ந்து, அந்த ஊர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் கையாண்டதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

வெயிலைப் பற்றியும் இதே கதை. வெயிலை எப்படி மறைப்பது என்று வருடக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள்; மார்கழியில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் இரண்டு மணி நேர வெயிலை ஒரு வயதான அம்மாவின் நாற்காலிவரை எப்படிக் கொண்டுவருவது என்பது பாடத்தில் இல்லை. நீலகிரியில் உயரம் 7 மீட்டருக்குள் என்ற விதியைப் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பார்வைக்கு மலை மறையக் கூடாது என்கிறார்கள். 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் மரப்பாலத்தில் மலை சரிந்து வந்ததைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆர்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள 1972ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்த உரிமையைக் கையில் கொடுப்பதற்கு முன் கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. முதல் வருடமே ஒரு மாணவனுக்குச் சரிவான ஒரு மனையைக் கொடுங்கள். ஐந்து வருடமும் அதே மனை. கோடையில் ஒரு தடவை, கொட்டுகிற மழையில் ஒரு தடவை, பனிக்காலத்தில் ஒரு தடவை அங்கே போய் நிற்கட்டும். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதை மட்டும் முதல் வருடம் வரையட்டும். வீட்டை மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். செலவு பஸ் கட்டணம்தான். கம்ப்யூட்டர் லேப் கட்டுகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பையனின் வீடு இப்போது இரண்டு மட்டமாக இறங்குகிறது. வெட்டு ஒன்றரை மீட்டர்தான். படுக்கையறையை நகர்த்தி, பெரணிப் பட்டையை அப்படியே விட்டுவிட்டோம். பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நல்ல மழை. அலுவலகத்துக்கு வராமல் நேராக மனைக்குப் போய், நனைந்த நோட்டோடு சாயங்காலம் வந்தான். பட்டையைத் தவிர இன்னோர் இடத்திலும், மேல் தோட்டத்துச் சுவரடியில், ஊற்று கசிகிறது என்று அம்புக்குறி போட்டிருந்தான். மேஸ்திரியும் நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. அங்கே மேல் வாய்க்காலைப் பத்தடி நீட்டச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டது, ஐப்பசிக்குள் பின்சுவர் முடிய வேண்டும். நாளைக்கு ஜல்லி வருகிறது.