தோழியின் திருமணம் முறிந்திருக்கிறதா?

"ஏதாவது வேணும்னா சொல்லுடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கேட்கிற தெம்பு அவளுக்கு இருக்காது. "சனிக்கிழமை காலை வரேன், பேப்பரெல்லாம் சேர்ந்து அடுக்கலாம்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

முதல் வேலை அவளுடைய ஈமெயில், அதன் பாஸ்வேர்டு கணவருக்கும் தெரிந்திருக்கலாம். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் பெரும்பாலும் அங்கேதான் வரும். அதைத் திறந்துவைத்துவிட்டு பேங்க் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், பூட்டைப் போட்டு சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். பாஸ்வேர்டை மாற்றியதும் செட்டிங்ஸில் மீட்பு எண் (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் போன் நம்பர்) யாருடையது என்று பாருங்கள். எப்போதோ கணவர் போட்டுக்கொடுத்த அவருடைய நம்பரே இன்னும் இருக்கலாம். எல்லா சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். பழைய டேப்லெட் ஒன்று திறந்தபடியே கிடக்கும்.

ஆனால் அவர் அடிக்கிற ஆள் என்றால் அவசரப்படாதீர்கள். அவள் போனிலிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருந்த லொகேஷன் சட்டென்று நின்றாலே அவருக்குத் தெரிந்துவிடும். அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு செய்யுங்கள். பழைய மெசேஜ்களை அழிக்க விடாதீர்கள், வழக்குக்குத் தேவைப்படலாம்.

அவளுடைய இன்சூரன்ஸ் நாமினி தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள், மாற்றச் சொல்லி அவளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவரைத் திட்டித் தீர்க்காதீர்கள். ஒருநாள் அவளுக்கு அவர் நினைப்பு வந்து அழத் தோன்றும். நீங்கள் அவ்வளவு திட்டியிருந்தால் அதை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். உங்கள் போன் அலாரத்தை அந்த மாதத்துக்கு வையுங்கள்.