மாட்டில குறி இருந்ததோ?

போன மாரிக்குக் கொஞ்சம் முந்தி எங்கள் ஊர் இணையத்தளத்தில் ஒரு மாட்டின் படம் போட்டேன். ஆருடைய தோட்டத்துக்குள்ளேயோ இரண்டு நாளாக நின்ற சிவலைப் பசு. உரியவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்று ஒரு வரி, கீழே ஒரு தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான். பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். பெரியம்மாவின் மகன்.

"பிள்ளை, மாடு ஒண்டு கட்டி நிக்குதாம், படமும் கிடக்காம். மாட்டில குறி இருந்ததோ?"

அண்ணைக்குக் கண் தெரியாது. 2009 இல் புதுமாத்தளனில் செல் துண்டு பட்டுப் போனது. அதற்கு முதல் அவர் பட்டி வைத்திருந்தவர், ஒட்டுசுட்டான் காட்டுக்கரை எல்லாம் மாட்டோடு திரிந்தவர், எந்தக் குறி எந்த வீட்டுக்குரியது என்று இன்றைக்கும் நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். போனில் திரையை வாசித்துச் சொல்கிற டோக்பேக் போட்டு, விரலால் தடவித் தடவி, எங்கள் தளத்தை நாளுக்கு இரண்டு தரமாவது கேட்கிறவர். அந்தப் படத்துக்கு நான் எழுதி வைத்திருந்த விவரணம் ஒரே ஒரு சொல்: மாடு.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இடப்பக்கப் பின்தொடையில் சுட்ட தழும்பு இருந்தது. மேலே "வ" மாதிரி ஓர் எழுத்து, அதற்குக் கீழே ஒரு வளையம். சொன்னேன். "வளையம் மூடிக் கிடக்கோ, திறந்து கிடக்கோ?" என்று கேட்டார். வலப்பக்கம் ஒரு விரற்கடை திறந்திருந்தது. "அப்ப அது மேல் வாய்க்கால் ஆக்களின்ர மாடு. நான் சொல்லிவிடுறன், வை." பொழுதுபட முதல் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கண் தெரிந்த நாங்கள் எத்தனையோ பேர் இரண்டு நாளாக அந்த மாட்டைச் சுற்றி நின்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு இரவு, மாடு போன பிறகும், விவரணத்தைத் திருத்தி எழுதினேன். "சிவலைப் பசு. இடப்பக்கப் பின்தொடையில் வ எழுத்தும், கீழே வலப்பக்கம் திறந்த வளையமும் குறி. வலது கொம்பு நுனி முறிந்தது." இவ்வளவுதான் வேண்டியிருந்தது. வானம் மப்பாக இருந்தது, பின்னால் வேலியும் இரண்டு பனையும் தெரிந்தன, அதெல்லாம் மாட்டைத் தேடுகிறவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கண் தெரியாதவர்கள் போனையும் கணினியையும் பாவிக்க ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, அன்ட்ராய்டில் டோக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் பலர் பாவிப்பது என்விடிஏ. என்விடிஏயை 2006 இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலியரும் கண் தெரியாதவர்தான், அதை இன்றைக்கும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இவை திரையில் இருக்கிற எழுத்தைக் குரலாக்கும். படத்துக்கு வந்தால், படத்தோடு நாங்கள் அல்ட் என்று எழுதி வைக்கிற வரியை வாசிக்கும். அந்த வரி இல்லாவிட்டால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும், அல்லது தட்டினால் பெரிதாகிற மாதிரி படத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக, இலக்கம் இலக்கமாக வாசிக்கும். எங்கள் தளத்தில் படங்கள் எல்லாம் தட்டினால் பெரிதாகிற படங்கள். அண்ணை எத்தனை வருடமாக "ஐ எம் ஜி அண்டர்ஸ்கோர் இரண்டு பூச்சியம் இரண்டு" என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. தளமே அப்படித்தானாக்கும் என்று நினைத்தாராம்.

அல்ட் புதிய விஷயம் இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1995 இல் வந்த 2.0 பதிப்பிலேயே இருந்தது. 1999 இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இணைய அணுகலுக்கு வழிகாட்டி வெளியிட்டபோது அதன் முதலாவது விதியே படத்துக்கு ஈடான எழுத்தைக் கொடு என்பதுதான், பிறகு வந்த பதிப்புகளிலும் அதுவேதான் முதலில் நிற்கிறது. ஆனாலும் வெப்எய்ம் என்ற அமைப்பு வருடாவருடம் பத்து இலட்சம் தளங்களின் முகப்பைச் சோதிக்கிறது, 2024 இலும் பாதிக்கு மேற்பட்ட முகப்புகளில் ஏதாவதொரு படத்துக்கு அல்ட் இருக்கவில்லை. இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது, தகவலை எட்டப்பண்ணுவதும் அதில் ஓர் உரிமை.

மாட்டை விட எனக்கு இன்னும் குத்துகிற ஒன்று இருக்கிறது. மார்கழியில் குளம் நிரம்பி வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. 2018 மார்கழி வெள்ளம் கண்ட ஆக்களுக்கு அந்த அறிவித்தல் என்றால் என்னவென்று தெரியும், இரவோடு இரவாகப் பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்கள் நாங்கள். கடிதத் தலைப்பில் அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்த தாள். அதைப் போனால் படம் எடுத்து அப்படியே தளத்தில் ஏற்றினேன். அல்ட்டில் "முக்கிய அறிவித்தல்" என்று எழுதினேன், எழுதும்போது நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அண்ணையின் போன் அதை வாசித்தது: முக்கிய அறிவித்தல், படம். எந்தக் குளம், எத்தனை மணிக்கு, எந்த ஊர்கள் எழும்ப வேண்டும், ஒன்றும் இல்லை. முக்கியமானது ஏதோ இருக்கிறது, ஆனால் உனக்கில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து வாசித்துச் சொல்ல ஒன்றரை மணித்தியாலம் சென்றது. அண்ணையாக்களின் வீடு மேட்டில் இருந்தபடியால் தண்ணி வரவில்லை.

இப்போது அப்படிச் செய்வதில்லை. எழுத்து இருக்கிற தாளைப் படமாகப் போட்டால், அந்த எழுத்து முழுவதையும் படத்துக்குக் கீழே தட்டச்சில் போடுகிறேன். அல்ட்டில் "அறிவித்தல் தாள், முழு விபரம் கீழே" என்று ஒரு வரி. சிறுபோகக் கூட்டம் முடிந்து எந்தக் கமக்காரர் அமைப்புக்கு எத்தனை ஏக்கர் என்று பட்டியல் வந்தாலும் அப்படித்தான். முப்பது வரிப் பட்டியலை அல்ட்டுக்குள் திணித்தால் கேட்கிறவர் நிறுத்தித் திரும்பிப் போய் ஓர் இலக்கத்தைப் பிடிக்க முடியாது, ஒரே மூச்சில் ஓடிவிடும், அதனால் உண்மையான அட்டவணையாகவே கீழே போடவேண்டும். கண் தெரிந்தவர்களுக்கும் அது வசதி. கனடாவில் இருக்கிற ஒருவர் தன் தகப்பனின் வயல் பங்கைத் தேடல் பெட்டியில் அடித்து எடுத்தேன் என்று எழுதியிருந்தார்.

தட்டச்சு என்கிறபோது பாமினி என்ற பழைய எழுத்துருவைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே இன்னும் நிறையப் பேர் பாமினியில் அடித்துத்தான் தருவார்கள், பார்வைக்குத் தமிழ்தான். ஆனால் கணினிக்கு அது ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று பாமினியில் அடித்ததை ஸ்கிரீன் ரீடருக்குக் கொடுத்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று போகும். "அம்மா" என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினிக்கும் தமிழாகவே விளங்குகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போடவேண்டும். அப்படியே பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலிலும் குறித்துவிடுங்கள். எங்கள் தளம் இரவல் வடிவமைப்பு, அதில் ஆங்கிலம் என்று கிடந்தது, தமிழ்க் குரல் இருந்தும் ஆங்கிலக் குரல் வந்து தடுமாறும். ஒரு சொல் மாற்றினேன், சரி வந்துவிட்டது.

எல்லாப் படத்துக்கும் எழுதவும் கூடாது. தளத்தின் நாலு மூலையிலும் பூவேலைப்பாடு, நடுவில் இரண்டு குத்துவிளக்கு, ஆசையில் வைத்தது. "பூ, பூ, விளக்கு, விளக்கு, பூ" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டு அண்ணை அலுத்துப் போனாராம். அழகுக்கு மட்டும் இருக்கிற படத்துக்கு அல்ட்டை வெறுமையாக விட்டால் ரீடர் அதைத் தாண்டிப் போகும். கவனியுங்கள், வெறுமையாக விடுவது வேறு, அல்ட்டே இல்லாமல் விடுவது வேறு. இல்லாமல் விட்டால் "படம்" என்று சொல்லும், அல்லது கோப்புப் பெயரில் போய் நிற்கும்.

வாட்ஸ்அப் படக்குறிக்கு "பச்சை வட்டம்" என்று ஒருவர் எழுதித் தந்தார். தொட்டால் என்ன நடக்கும் என்பதை எழுதவேண்டும், "வாட்ஸ்அப்பில் அனுப்ப".

இதற்கெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்று தம்பி கேட்டான். பேஸ்புக் 2016 இலேயே தானாக விவரிக்கத் தொடங்கியது, எத்தனை ஆள், வெளியிலா உள்ளேயா, சிரிக்கிறார்களா என்ற அளவில். இப்போது வருகிறவை நன்றாக நீட்டி விவரிக்கின்றன, அண்ணையும் பாவிக்கிறார், ஒன்றும் எழுதாத இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் அந்த மாட்டுப் படத்தை ஒரு செயலிக்குக் கொடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறப் பசு, வேலி, பனைமரம், மேகம், அமைதியான கிராமச் சூழல் என்று எட்டு வரி வந்தது. குறியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஏன் அந்தப் படத்தைப் போட்டேன் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போட்டவர்தான் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். இரணைமடுக் குளத்தின் படம் ஒன்றை ஊரின் அழகைச் சொல்லப் போட்டால் பொழுது சாய்கிற நிறத்தை எழுதலாம். அதே படத்தை, 36 அடி கொள்ளும் குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணி என்று சொல்லப் போட்டால் அளவுகோலில் தெரிகிற இலக்கத்தைத்தான் எழுதவேண்டும், நிறத்தை அல்ல.

ஆட்களின் படத்துக்கு எழுதுவதுதான் எனக்கு நேரம் எடுக்கும். பெரியம்மாவின் நினைவு தினத்துக்கு ஒரு படம் போட்டோம், இடப்பெயர்வில் மிஞ்சின ஒன்றே ஒன்று. அல்ட்டில் அவரின் பெயரை எழுதிவிட்டு விட்டிருந்தேன். "எந்தப் படம் அது? ஊதாச் சீலையோ?" என்று அண்ணை கேட்டார். ஊதாச் சீலைதான், சரிகைக் கரை. கழுத்தில் மெல்லிய சங்கிலி, தலையை நடுவகிடு எடுத்து வாரி, கமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்க்கிறா. "என்னைத்தான் பாக்கிறா, நான் பக்கத்தில நிண்டனான், வெட்டிப் போட்டிருப்பினம்" என்றார். படத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னத் தோள் தெரிகிறது. அதையும் எழுதினேன். கண் தெரிந்து பிறகு இழந்தவருக்கு நிறம் நிறைய விஷயம் சொல்லும், பிறந்ததிலிருந்தே தெரியாத ஒருவருக்கு அவ்வளவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதை நான் தீர்மானித்து விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன், ஒரு சொல்தானே.

பேஸ்புக்கில் படம் ஏற்றும்போது மாற்று எழுத்து என்று ஓர் இடம் இருக்கிறது, தானாக வந்ததை அழித்து நீங்களே எழுதலாம். வாட்ஸ்அப் குழுவில் என்றால் படத்தோடு போகிற வரியில் எழுதுங்கள். "படத்தில்" என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை ரீடரே சொல்லிவிடும்.

பழைய படங்கள் தளத்தில் கொஞ்சநஞ்சமல்ல. இரவில் பத்துப் படமாக எடுத்து, அண்ணையோடு போனில் இருந்து, எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன், அவர் கேட்பதை வைத்துத் திருத்துகிறேன். நேற்று வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன வண்டில்களின் படம். ஏழு வண்டில், முன்னுக்கு ஒரு வெள்ளைச் சோடி என்று எழுதியிருந்தேன். "எந்த றோட்டால போகுது, முள்ளியவளைப் பக்கத்தாலயோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்தவருக்கு வைபரில் செய்தி போட்டிருக்கிறேன், பதில் வந்ததும் எழுதவேண்டும்.