கமடோர் 64க்கு நாமே எழுதும் கெர்னல் ரோம்

1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64இன் போர்டில் யு4 என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது கெர்னல் ரோம், அதாவது மெஷினைக் கிளப்பி, திரை, கீபோர்டு போன்றவற்றை இயக்கும் நிரல் பதிந்த சிப். 8 கிலோபைட், 24 கால், 2364 வகை. இன்று எளிதில் கிடைக்கும் 27சி64 ஈபிரோமுக்கோ (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரோம் சிப்) 28 கால். 24 காலிலேயே மோட்டோரோலாவின் 68764 என்று ஒன்று உண்டு. அது கிடைப்பது அரிது, அதை எழுதத் தெரிந்த புரோகிராமர் (சிப்பில் கோப்பை எழுதும் கருவி) அதைவிட அரிது. ஆகவே 28 கால் சிப்பை 24 கால் சாக்கெட்டில் பொருத்தும் அடாப்டர்தான் வழி. இந்த வேலையில் சொதப்புகிற இடமும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் கோப்பு. 901227-03 என்ற கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக 8192 பைட் இருக்க வேண்டும். கடைசி ஆறு பைட் 67, 254, 226, 252, 72, 255. நடுவில் உள்ள 226, 252 இரண்டும்தான் ரீசெட் முகவரி, அதாவது கிளம்பும்போது பிராசசர் முதலில் போகும் இடம்: 252 × 256 + 226 = 64738. மெஷினை ரீசெட் செய்ய சிஸ் 64738 அடித்துப் பழகியவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும். இந்த ஆறும் ஒத்துப்போகவில்லை என்றால் அது வேறு ஏதோ கோப்பு, எழுத வேண்டாம்.

மாற்றங்களை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் நிரல்) செய்யலாம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 1333ஆம் பைட் எழுத்தின் நிறம், 3289 பார்டர், 3290 பின்னணி. அவற்றில் இருப்பவை முறையே 14, 14, 6 என்ற நிற எண்கள். தொடக்கத் திரையில் வரும் வாசகம் 1139இல் தொடங்குகிறது. முதல் பைட் 147 திரையைத் துடைப்பதற்கு. வாசகத்தை மாற்றலாம், நீளத்தைக் கூட்டக் கூடாது. எழுத்துகளைப் பெரிய எழுத்திலேயே அடியுங்கள். சிறிய எழுத்தில் அடித்தால் திரையில் கோடும் கட்டமுமாக வரும்.

இப்போது அடாப்டர். 28 கால் சிப்பின் 14ஆம் கால் சாக்கெட்டின் 12ஆம் துளையில் வரும்படி வைத்தால், மேலே நான்கு கால் (1, 2, 27, 28) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவற்றில் 20, 23 இரண்டு மட்டும் பொருந்தாது, 26க்கு 5 வோல்ட் வந்துவிடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 1, 27, 28 மூன்றையும் 26உடன் சேர்க்கவும். 23ஐத் தூக்கி (அது ஏ11 என்ற முகவரிக் கோடு) சாக்கெட்டின் 18ஆம் துளைக்கு வயர் இழுக்கவும். 2ஆம் காலிலிருந்து (ஏ12) 21ஆம் துளைக்கு இன்னொரு வயர். 20ஐ, அதாவது சிப்பை விழிக்கவைக்கும் சிஇயை, தூக்கி 14இல் கிரவுண்ட் செய்யவும். சிப் செலக்ட் சிக்னல் 22இல், டேட்டாவை வெளியே விடும் ஓஇ காலுக்குத் தானாகவே வந்து சேரும். சிஇயை 22உடன் சேர்த்தாலும் ஓடும். கிரவுண்ட் செய்தால் சிப் எப்போதும் விழித்திருப்பதால் பதில் சீக்கிரம் வரும், கொஞ்சம் கூடுதல் கரண்ட் இழுக்கும். 200 நானோசெகண்ட் அல்லது அதற்கும் வேகமான சிப் என்றால் எந்த வழியும் சரி. சிப்பின் காலில் நேரடியாக சோல்டர் வைக்காமல் ஒரு 28 கால் சாக்கெட்டில் இதையெல்லாம் செய்தால் சிப்பை வெளியே எடுத்துத் திரும்ப எழுதலாம்.

ஏ11, ஏ12 வயர்கள் இடம் மாறிப்போவது மிகச் சாதாரணம், ஏமாற்றக்கூடியதும் கூட. 8 கிலோபைட்டை 2048 பைட் கொண்ட நான்கு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயரும் மாறினால் முதல் துண்டும் கடைசித் துண்டும் சரியாகவே இருக்கும், நடு இரண்டு மட்டும் இடம் மாறும். ரீசெட் முகவரி கடைசித் துண்டில் இருப்பதால் பிராசசர் ஒழுங்காகக் கிளம்பி, ரேம் சோதனையைக்கூட முடித்துவிடும். பிறகு வீடியோ சிப்புக்கான அட்டவணையை இரண்டாம் துண்டிலிருந்து படிக்கப் போகும். அங்கே வேறு எதுவோ இருக்கும். திரை வெறுமையாகவோ அலங்கோலமாகவோ வரும்போது பலரும் வீடியோ சிப்பைச் சந்தேகிக்கிறார்கள். வயரைப் பாருங்கள்.

27சி64க்குப் பதில் 27சி256 போட்டால் 26, 27 இரண்டும் ஏ13, ஏ14 ஆகிவிடும். அவற்றை 5 வோல்ட்டில் கட்டிவைத்தால் சிப் கடைசிக் கால்பகுதியை, 24576இலிருந்து, மட்டுமே காட்டும். கோப்பைச் சிப்பின் தொடக்கத்தில் எழுதியிருந்தால் பிராசசருக்கு எங்கும் 255தான் தெரியும், திரை கருப்பு. ஒரே கோப்பை நான்கு தடவை அடுக்கி எழுதிவிட்டால் தொல்லை இல்லை. நான்கு வேறு கெர்னல் வேண்டுமென்றால் 26ஐயும் தூக்கி, 5 வோல்ட்டைச் சாக்கெட்டின் 24ஆம் துளையிலிருந்து 1க்கும் 28க்கும் தனி வயரில் கொடுங்கள். 26, 27 ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம், கிரவுண்டுக்கு ஒரு சுவிட்ச். மெஷின் ஓடும்போது சுவிட்சைத் தட்டினால் கண்டிப்பாகத் தொங்கும்.

எழுதும்போது கவனிக்க: பழைய 2764 சில 21 வோல்ட் கேட்கும். டிஎல்866 II பிளஸ் புரோகிராமர் 18 வோல்ட் வரைதான் கொடுக்கும், அதனால் 12.5 வோல்ட்டில் எழுதும் சிமாஸ் (27சி என்று தொடங்கும்) வகையையே வாங்குங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய சிப் என்றால் யுவி விளக்கில் 15-20 நிமிடம் வைத்து, எல்லாம் 255 ஆகிவிட்டதா என்று பிளாங்க் செக் செய்யுங்கள். எழுதி முடித்ததும் கண்ணாடி ஜன்னலை ஒளி புகாத ஸ்டிக்கரால் மூடவும்.

பொருத்துவதற்கு முன் காலி சாக்கெட்டின் 12க்கும் 24க்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். அந்தக் காலத்து பவர் சப்ளையில் ரெகுலேட்டர் போனால் வோல்டேஜ் ஏறும். புது ஈபிரோம் மட்டுமல்ல, ரேமும் சேர்ந்து போகும். மெஷின் எழுந்தபின் பிரின்ட் பீக்(65408) அடித்தால் கெர்னலின் பதிப்பு எண்ணான 3 வர வேண்டும்.

யு3இல் உள்ள பேசிக் ரோமும் (பேசிக் நிரல்மொழி இருக்கும் சிப்) 2364தான், இதே அடாப்டர் போதும். பின்னால் வந்த சின்ன போர்டில் இரண்டும் சேர்ந்து 251913-01 என்ற ஒரே 28 கால் ரோமாக இருக்கும். அதற்கு வயர் எதுவும் வேண்டாம்: பேசிக் முன்னே, கெர்னல் பின்னே ஒட்டி 16384 பைட்டாக 27சி128இல் எழுதிச் செருகினால் போதும்.