எஸ்.எஸ்.சி. ஆங்கிலம்: 'பட்' (but) என்ற சொல்லைக் கவனியுங்கள்

மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வு ஆணையம்) நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முடிவு வந்துவிட்டது; பட்டியலில் என் எண் இருக்கிறது. மூச்சு சீரானதும் முதலில் எழுத நினைத்தது இதைத்தான். தமிழ் வழியில் படித்த நாம் இரண்டாம் கட்டத்தின் ஆங்கிலத்துக்குத்தான் அஞ்சுகிறோம். 45 கேள்வி, 135 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும்.

பயிற்சி மையத்தில் யாரும் பேசாத சொற்களாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. சின்னச் சொற்களைத் துருவிப் படித்தேன். மதிப்பெண் அங்கிருந்துதான் வந்தது. அவற்றில் முதலிடம் 'பட்'டுக்கு.

'ஆனால்' என்ற ஒரே பொருளோடு நின்றுவிடாதீர்கள். 'எனிதிங் பட் எ ஃபூல்' என்றால் அவன் முட்டாளே அல்ல. 'நத்திங் பட் எ ஃபூல்' என்றால் முட்டாளைத் தவிர வேறில்லை. முன்னால் நிற்கும் ஒரு சொல் மாறியதும் பொருள் தலைகீழாகிறது. ஆகவே 'பட்'டைக் கண்டால் அதற்கு முந்தைய சொல்லைப் படியுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான்.

குறித்துக்கொள்ள:
- ஆல் பட் ஓவர்: ஏறக்குறைய முடிந்துவிட்டது.
- லாஸ்ட் பட் ஒன்: கடைசிக்கு முந்தையது.
- பட் ஃபார் ஹிஸ் ஹெல்ப்: அவர் உதவி மட்டும் இல்லையென்றால்.
- கேனாட் பட் லாஃப்: சிரிக்காமல் இருக்க முடியாது.

பிழை கண்டறியும் கேள்விகளில் 'டு' (to) எங்கே வரும் என்பதுதான் சிக்கல். 'ஹி டிட் நத்திங் பட் ஸ்லீப்': இங்கே 'டு' வராது. 'ஹி ஹேட் நோ சாய்ஸ் பட் டு ஸ்லீப்': இங்கே கட்டாயம் வேண்டும். முன்னால் 'டூ' (do, did) வினை இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். 'ஆல்தோ' என்று தொடங்கும் வாக்கியத்தில் பின்னால் 'பட்' கூடாது, 'யெட்' வரலாம். 'மழை பெய்தாலும் ஆனால் போனேன்' என்று நாம் எழுதுவோமா? 'நாட் ஒன்லி'க்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் 'பட் ஆல்சோ'வுக்குப் பின்னும் பெயர்ச்சொல்தான்.

செயலிகளை விட நோட்டுப் புத்தகமே மேல் என்பேன். பழைய வினாத்தாள்களில் 'பட்' வரும் வாக்கியங்களை முழுதாக எழுதி, பக்கத்திலேயே தமிழில் பொருள் எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லையென்றால் அந்த வாக்கியம் இன்னும் புரியவில்லை. 'பட்' முடிந்ததும் 'ஆஸ்', அடுத்து 'சின்ஸ்' என்று இதே முறையில் தொடருங்கள்.