வீட்டில் தயாரித்த லாகர் கலங்கலாக இருந்தால்

வீட்டில் தயாரித்த லாகர் (குளிரில் நொதிக்கவைத்து முதிரவைக்கும் பீர் வகை) தெளியவில்லை என்றால் பலரும் முதலில் கையில் எடுப்பது ஜெலட்டின் பொடியைத்தான். கலங்கலின் காரணத்தைக் கண்டறியும் முன் எதையும் சேர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். புரதம், ஈஸ்ட், மாவுச்சத்து, பாக்டீரியா ஆகிய நான்கும் குவளையில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தையே தருகின்றன. ஆனால் ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவுவதில்லை.

நான் முதலில் செய்யும் சோதனைக்குக் குவளையைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. நன்கு குளிர்ந்த பீரை ஊற்றி, வெளிச்சத்துக்கு எதிரே மேசைமேல் வைத்து, 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் தணியும்வரை காத்திருப்பேன். மெல்லிய புகைபோல் பரவியிருந்த மங்கல் சிறிது சிறிதாகக் கரைந்து, குவளைக்குப் பின்னால் வைத்த தாளின் எழுத்துகள் படிக்கும்படி தெரிந்தால், அது குளிரில் மட்டும் தோன்றும் கலங்கல். பார்லியின் புரதங்களும், அதன் உமியிலிருந்தும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வரும் பாலிஃபீனால்கள் எனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று தளர்வாகப் பிணைந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. வெப்பம் ஏறியதும் அந்தப் பிணைப்பு விட்டுப்போகிறது. சுவைக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் பாட்டில்களைத் திரும்பத் திரும்பக் குளிரவைத்து வெளியே எடுப்பதும், பீருக்குள் ஆக்சிஜன் புகுவதும் இப்பிணைப்பை நிலைப்படுத்திவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் வெளியே வைத்தாலும் மங்கல் போகாது.

இந்த வகைக் கலங்கலுக்கு மருந்து குளிர்தான். பீரை 5 டிகிரியில் வாரக்கணக்கில் முதிரவைத்துவிட்டு 1 டிகிரியில் பரிமாறினால், முதிரும் காலத்தில் உருவாகாத துகள்கள் குவளையில்தான் உருவாகும். ஆகவே முதிரவைக்கும் வெப்பநிலை பரிமாறும் வெப்பநிலையைவிடக் குறைவாக, 0 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் துகள்கள் அங்கேயே திரண்டு அடியில் மண்டியாகப் படியும். ஜெலட்டின் சேர்ப்பதாக இருந்தாலும் இதே விதிதான். அது உருவாகிவிட்ட துகளைத்தான் பிடித்து இறக்கும் என்பதால், பீர் முழுமையாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். ஏறத்தாழ 20 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, 65 முதல் 70 டிகிரிவரை சூடாக்கிக் கரைத்தால் போதும். கொதிக்கவிட்டால் அதன் புரதச் சங்கிலிகள் சிதைந்து பிடிக்கும் திறன் குறையும்.

அடுத்த முறை இந்தத் தொல்லை வராமலிருக்க, கொதிக்கவைக்கும் கட்டத்திலேயே கவனம் தேவை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு நன்கு தளதளவென்று கொதிக்க வேண்டும். கடைசி 10 அல்லது 15 நிமிடத்தில் ஐரிஷ் மாஸ் எனும் கடற்பாசியைச் சேர்த்து, பிறகு விரைவாகக் குளிர்வித்தால் புரதம் கட்டிகட்டியாகத் திரண்டு பிரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மால்ட்டைக் கழுவும் நீர் 77 டிகிரிக்கு மேல் சூடாகவோ, வடியும் சாற்றின் பிஎச் அளவு 6-க்கு மேலாகவோ போனால், உமியிலிருந்து டானின் (பாலிஃபீனாலில் ஒரு வகை) இறங்கிவிடும். கடைசிச் சொட்டுவரை வடித்தெடுக்க வேண்டும் என்ற ஆசை தெளிவுக்கு எதிரி.

குளிர் தணிந்த பிறகும் மங்கல் அப்படியே நின்றால் ஈஸ்டைச் சந்தேகிக்கலாம். ஒரு பாட்டிலை அசைக்காமல் நிமிர்த்திக் குளிரில் வைத்தால், சில நாட்களில் மேலிருந்து கீழாகத் தெளிவு இறங்கிவந்து, அடியில் வெளிறிய படலம் சேரும். ஆனால் நொதிகலனில் உள்ள பீரைக் குளிர்விக்கும் முன் ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தியை அளக்கும் கருவி) பார்த்துவிடுவது அவசியம். அடர்த்தி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் அதைக் குளிர்வித்து அடக்கினால், தெளிவான, ஆனால் வெண்ணெய் வாடை அடிக்கும் பீர்தான் கிடைக்கும்.

மாவுச்சத்துக் கலங்கலைக் கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைத் தட்டில் சில சொட்டுப் பீரை விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடினை வைத்து இரண்டையும் மெல்லச் சேர்க்க வேண்டும். அயோடினின் பழுப்பு நிறம் மாறாதிருந்தால் கவலையில்லை. இரண்டும் சேரும் கோட்டில் கருநீலம் படர்ந்தால், மாவுச்சத்து முழுதும் சர்க்கரையாக மாறவில்லை. சோதித்த பீரைக் கொட்டிவிட வேண்டும். மாஷ் கட்டத்தை (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம்) அவசரமாக முடிப்பதும், அவல்போல் தட்டிய தானியத்தை மால்ட்டின் நொதிகள் இல்லாமல் வெறும் வெந்நீரில் ஊறவைப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். தயாரித்து முடித்த பீரில் இதற்கு நல்ல தீர்வில்லை. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதியைச் சேர்த்தால் புதிதாகச் சர்க்கரை உண்டாகி மீண்டும் நொதிக்கும் என்பதால், பாட்டிலில் அடைத்துவிட்ட பீருக்கு அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சியிருப்பது கிருமித் தொற்று. புளித்த வாடை, மேலே படரும் ஆடை, ஊற்றும்போது நூல்போல் இழுபடும் தன்மை, திறந்தவுடன் பொங்கி வழிதல் ஆகியவற்றில் எதையாவது மங்கலோடு சேர்த்துக் கண்டால், தெளியவைக்கும் பொருள்களால் பயனில்லை. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட் வளர்ப்பை உருவாக்கியதற்கும், கெட்டுப்போன லாகரில் காட்டு ஈஸ்ட் கலந்திருந்ததே தூண்டுதல். இத்தகைய பாட்டில்களில் அழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும். ஆகவே அவற்றைக் குளிரில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து எச்சரிக்கையோடு திறந்து காலிசெய்ய வேண்டும். பிறகு நொதிகலனின் குழாயைப் பாகம் பாகமாகக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். பீர் சென்ற பிளாஸ்டிக் டியூபின் உட்புறத்தில் கீறல் தெரிந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.