காற்று எந்தப் பக்கம்?

எங்கள் சித்திர மாஸ்ரர் சில பின்னேரங்களில் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். படம் கீறச் சொன்னதும் தாளின் நடுவில் ஒரு கோடு இழுப்போம். மேலே வானம், கீழே கடல், அவ்வளவுதான். அவர் குனிந்து பார்ப்பார். "தம்பி, நீ கீற வந்தது கடலையோ, வானத்தையோ? காற்று எந்தப் பக்கம்?" பதில் தெரியாமல் முழிப்போம்.

போன வருடம் பிரான்சின் நோர்மண்டியில் ஒன்ஃப்ளர் போயிருந்தபோது அந்தக் கேள்விகள் திரும்பி வந்தன. ஓவியர் யூஜீன் பூதான் 1824இல் பிறந்த ஊர் அது. இளம் ஓவியர் மொனேயை வெளியே கூட்டிப்போய் இயற்கையைப் பார்த்து வரையப் பழக்கியவர் அவர்தான். 1874இல் நடந்த இம்ப்ரெஷனிஸ்ட்டுகளின், அதாவது கணநேர ஒளியை வரைந்த ஓவியர்களின், முதல் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இருந்தன.

அங்கே பாஸ்ரல் என்ற வர்ணக்கட்டியால் அவர் கீறிய சின்னப் படம் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அடிவானக் கோடு தாளின் அடியோடு ஒட்டிக் கிடக்கிறது. கடல் என்று இருப்பது ஒரு சாம்பல் பச்சைப் பட்டை. மிச்சமெல்லாம் வானம். கிட்டப் போனால், மேகத்தின் அடிப்பக்கம் விரலால் தேய்த்த ஊதா. மேல் விளிம்பில் மட்டும் வெள்ளைக் கட்டியை அழுத்தி இழுத்து, தேய்க்காமல் விட்டிருக்கிறார். பல இடங்களில் வர்ணமே இல்லை, தாளின் நீலச்சாம்பல்தான் வானம். மேகம் யாருக்கும் காத்து நிற்காது. பாஸ்ரல் காயவேண்டிய வர்ணமும் அல்ல, கையில் எடுத்தவுடன் இழுக்கலாம்.

முதலில் சோகமான படம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கவனித்தேன்: கோடுகள் எல்லாம் இடமிருந்து வலமாகச் சரிந்து மெலிகின்றன. வலது மேல்மூலை வெறுமை. மேகக்கூட்டம் முழுவதும் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது அவசரம், மழைக்கு முன் வீடு சேருகிற அவசரம்.

பூதான் தன் பாஸ்ரல்களின் ஓரத்தில் நாள், நேரம், காற்று எழுதி வைப்பார். "ஒக்ரோபர் 8, நண்பகல், வடமேல் காற்று" என்பதுபோல. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்தாலும் பருவத்தையும் நேரத்தையும் காற்றையும் சொல்லிவிடலாம் என்று கவிஞர் போதலேர் 1859இல் எழுதினார்.

நானும் கணக்குப் பார்த்தேன். ஒன்ஃப்ளர் கரை, யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சிக் கரையைப் போலவே, வடக்குப் பார்த்தது. அவர் கடலைப் பார்த்து நின்றிருந்தால் இடது பக்கம் மேற்கு. காற்று அங்கிருந்துதான்.

"கச்சான் காற்று" என்றேன்.

மனைவியும் வடமராட்சிதான். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம், பின்னேரம் நாலு மணி இருக்கும்" என்றாள்.