கடல்காற்று வீடியோவில் எதையெல்லாம் வெட்டினேன்

மண்டபம் பக்கத்துப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் பாடத்தைத் திரும்பப் பார்ப்பது அப்பாவின் போனில்தான், அதுவும் அவர் கரையில் இருக்கும் நேரத்தில். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், உள்ளங்கை அளவு திரையில் தேவையில்லாத ஒன்றை வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

கடல்காற்று, நிலக்காற்று பற்றி மாதிரி வீடியோ ஒன்று எங்கள் ஆசிரியர் குழுவுக்கு வந்தது. இடப்பக்கம் படம், அதில் 1 முதல் 8 வரை எண்கள். அந்த எண்களுக்கு உரிய பெயர்கள் வலப்பக்கப் பட்டியலில். பின்னணியில் இசை, ஓரத்தில் துள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு டால்பின். கீழே ஓடும் வரிகளை குரல் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் 5 என்றால் என்ன என்று பட்டியலில் தேடிவிட்டுத் திரும்புவதற்குள் காற்று மேலே ஏறி முடிந்துவிடுகிறது.

புதிய விஷயத்தை மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கும் இடம் ரொம்பச் சின்னது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு விஷயங்கள், அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் நான்கு அளவில்தான் என்றார். தேடுவதற்கே அந்த இடம் போய்விட்டால் புரிந்துகொள்ள எது மிச்சம்? ஜான் ஸ்வெல்லர் 1988-இலிருந்து வளர்த்தெடுத்த அறிவுச் சுமைக் கோட்பாட்டின் (கற்கும்போது மனதின் மேல் விழும் சுமை பற்றியது) அடிப்படையும் இதுதான்.

அதனால் என் வீடியோவில் பட்டியலே கிடையாது. 'சூடான காற்று' என்ற சொல் மேலே ஏறும் அம்புக்குறியை ஒட்டியே இருக்கிறது, நான் அதைச் சொல்லும் அதே நொடியில் தோன்றுகிறது. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அங்கே காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மூன்றும் மூன்று சின்னத் துண்டுகள், வாட்ஸ்அப்பில் தனித்தனியாக. ஒன்று புரிந்த பிறகு அடுத்ததைத் தொட்டால் போதும். ஓடும் வரிகளையும் எடுத்துவிட்டேன். கண் படத்தைப் பார்க்கட்டும், விளக்கத்தைக் காது கேட்கட்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு மட்டும் எழுத்தோடு ஒரு தனிப் பிரதி.

டால்பினுக்காகக் கணக்கு டீச்சர் வாதாடினார். "பிள்ளைங்களுக்குப் பிடிக்குமே" என்றார். பிடிக்கும், அதுதான் சிக்கல். ஹார்ப், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் மின்னல் பற்றிய பாடத்தில் சுவாரசியமான, ஆனால் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத செய்திகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதைப் படித்தவர்களுக்கு மின்னல் உண்டாகும் விதம் குறைவாகவே நினைவில் நின்றது. மன்னார் வளைகுடாவில் டால்பின் நிஜமாகவே இருக்கிறது. பாலூட்டிகள் பாடத்தில் அதற்கு முழு வீடியோவே தரலாம்.

எல்லாச் சிரமத்தையும் எடுத்துவிடக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், நம்ம ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல். அப்ப காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?" வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. புத்தகப் படத்தில் கடல் ஒரு பக்கம்தான். போதாக்குறைக்கு, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் இந்தத் தினசரிக் காற்று அதில் அமுங்கிப் போகும். படகுக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். அவனிடம் போய்க் காற்று என்றால் என்ன என்று ஆரம்பித்தால் அதுவும் வீண் சுமைதான்.

அந்தக் கேள்விக்கு மூளை உழைக்கட்டும். அந்த உழைப்புக்கு இடம் வேண்டும் என்றுதான் மற்றதையெல்லாம் வெட்டினேன். முதல் வீடியோவில் கிழக்கே மட்டும் கடல் உள்ள தேவிபட்டினம் கரையை வரைந்திருக்கிறேன். இரண்டாவதில் மண்டபம், இரண்டு பக்கமும் கடல், அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. அம்பு போட்ட படத்தை நோட்டில் வரைந்து திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.